பச்சை விளக்கு எரியும்வரை

அவள் அமுக்கவில்லை. ஆனாலும் கட்டிலோரம் நின்ற வலிமருந்துப் பம்ப் 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டு, கையில் செருகியிருந்த குழாய் வழியே மருந்தை இறக்கியது.

அந்த வார்டையே ஆட்டிப்படைத்த பெரிய சிஸ்டர், இன்று பித்தப்பையை எடுத்துவிட்டு அங்கேயே மல்லாந்து கிடந்தாள். பிற்பகல் வெயில் திரைச்சீலையில் பழுத்து வழிய, ஸ்பிரிட் வாடையோடு எங்கிருந்தோ தையல் மெஷின் எண்ணெய் வாடையும் மெல்லக் கலந்து வந்தது.

அந்தப் பம்ப் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பட்டனை நோயாளி மட்டும்தான் அமுக்க வேண்டும். தூங்கிவிட்டால் விரல் தளரும், மருந்து நிற்கும், அளவு மிஞ்சி மூச்சு அடங்கிப்போகாது. ஒருமுறை மருந்து இறங்கினால் பச்சை விளக்கு அணைந்துவிடும். மறுபடி எரியும்வரை பட்டன் வேலை செய்யாது.

இவ்வளவும் தெரிந்தவள்தான். போன மழைக்காலத்தில் இதே கட்டிலில் ஒரு தையல்காரம்மா விடாமல் முனகினாள். அவள் கண்ணயர்ந்த பிறகும், எழுந்தால் மறுபடி ஆரம்பிப்பாளே என்று, போகும்போதும் வரும்போதும் சிஸ்டரே பட்டனை அமுக்கிவிட்டுப் போனாள். மூச்சு நின்றதும், துணைக்கு இருந்த பெண்ணைக் காட்டி, "மகதான் அமுக்கியிருக்கா" என்று வாய் கூசாமல் சொன்னாள், பாவி! பெற்ற தாயைக் கொன்றவள் என்ற பேரோடு அந்தப் பெண் வீடு போய்ச் சேர்ந்தாள்.

கீச்.

"ஏம்மா," என்று நர்ஸைக் கூப்பிட்டாள். "பம்ப் தானா ஓடுது. நிறுத்தும்மா."

"நல்லாப் பாருங்க சிஸ்டர், உங்க விரல்தான் பட்டன் மேல இருக்கு. வலிச்சா அமுக்குங்க. எங்களுக்குச் சொல்லிக்குடுத்த நீங்களே பயந்தா எப்படி?" சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சிஸ்டர் விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. மெத்தையின் ஓரம் அமுங்கியது. அவள் கட்டைவிரல் மேல் இன்னொரு கட்டைவிரல். சில்லென்று. ஊசி குத்திக் காய்த்துப்போனது.

"என் பொண்ணு அன்னையிலேர்ந்து தூங்கல," என்றது காதருகே ஒரு குரல். "நீ தூங்கு."

நான்தான் அமுக்கினேன் என்று கத்த வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை.

கீச்.

"அப்பாடா, அசந்துட்டா," என்று நாற்காலியில் இருந்த கணவர் போனில் மகனிடம் மெதுவாகச் சொன்னார்.

மூச்சு. வெகுநேரம் கழித்து, இன்னொரு மூச்சு.

பாதி மூடிய இமைக்குள் தெரிந்தது அது மட்டும்தான். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, பட்டன் மேல் விரலை வைத்தபடி, அவசரமே இல்லாமல், பச்சை விளக்கு எரிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா.