ஆறாம் வாரத்துப் படம்

அன்று காலைக் குடும்ப ஜெபத்துக்குச் சபையை நடத்தும் சுவாமிதாஸ் உபதேசியார் பாட்டு எடுக்கவில்லை. பாயின் நடுவில் வேதபுத்தகத்துக்குப் பதிலாக, மகள் ராகேலின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டு விரிந்து கிடந்தது. அதைக் கண்டதும் அவர் மனைவி எலிசாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மனிதன் மிருகங்களின் வழி வந்தவன் என்று ராகேல் ஓய்வுநாள் பாடசாலையில் சொன்னதாகப் புகார் வந்திருந்தது. மறுநாள் சபையார் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. அதிலிருந்து விலக்கப்படுகிறவர்களின் பெயரை அன்று சாயங்காலம் ஆயத்தக் கூட்டத்தில் உபதேசியார்தான் வாசிக்கவேண்டும். மகளின் பெயரையும் வாசிக்கப்போவதாகச் சொன்னார். திங்கள்முதல் அவளுக்குக் காலேஜும் இல்லை என்றார்.

“ஆதாம் இல்லேன்னா பாவம் இல்ல. பாவம் இல்லேன்னா இரட்சகர் எதுக்கு மரிச்சாரு? சொல்லு மக்ளே.” அவர் குரலில் கோபத்தைவிடப் பயமே அதிகம்.

“தெரியாது அப்பா. எனக்கும் ஒறக்கம் இல்ல. ஆனா வேதம், பாடம் ரெண்டையும் விட முடியல்ல...”

எலிசாள் நோட்டைக் குனிந்து பார்த்தாள். மீன், கோழி, மனிதன் மூன்றின் கருவையும் ராகேல் வரிசையாக வரைந்திருந்தாள்.

“இது எத்தன மாசத்துப் பிள்ள மக்ளே?”

“ஆறு வாரம், அம்மா.”

“இந்த வாலு?”

“எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். பொறவு மறஞ்சிரும். எனக்கும் இருந்துது, அப்பாவுக்கும் இருந்துது.”

எலிசாள் அந்த வாலின்மேல் விரலை வைத்தாள்.

இருபது வருஷத்துக்கு முன்பு, ராகேல் உண்டாகுமுன், அவளுக்கு ஒரு கரு கலைந்தது. மருத்துவச்சி இலைத்துண்டில் வைத்துக் காட்டியதை உபதேசியாரும் பார்த்தார். அவரைக்கொட்டை அளவு, அதற்கு ஒரு வால். பிள்ளையில்லாத கவலையில் மனைவி தமக்குத் தெரியாமல் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்திருக்கிறாள், யானைமுகத்தானைக் கும்பிட்டதற்குத் தண்டனைதான் இந்த வால் என்று முடிவுகட்டினார். அவள் இல்லையென்று அழுததை நம்பவில்லை. ஒரு வருஷம் அவளைத் திருவிருந்தில் சேர்க்கவில்லை. போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வழியாக நடந்தபோது ஒருமுறை கோயிலைத் திரும்பிப் பார்த்தோமோ? ராகேல் பிறந்ததும் முதலில் அவள் தடவிப் பார்த்தது குழந்தையின் முதுகைத்தான்.

இதை மகள் அறியமாட்டாள். சொன்னால் அருவருப்பாளோ என்று எலிசாள் பயந்தாள். ஆனாலும் சொன்னாள்.

“இத நான் பாத்திருக்கேன். நீங்களும் பாத்திய. அது சாபம் இல்ல... நம்ம பிள்ள. கர்த்தர் எல்லாரையும் உண்டாக்குத வழியில பாதி வந்து நின்னுபோச்சு. நான் எங்கயும் தேங்கா ஒடைக்கல்ல. இருவது வருசமா பயந்தே செத்தேன். எனக்க மவள அப்பிடி ஆக்காதிய.”

உபதேசியார் குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு சாப்பிடாமல் வெளியே போனார்.

பகல் முழுதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எலிசாள் எட்டிப் பார்த்தாள். சாயங்காலக் கூட்டத்தில் பெண்கள் பக்கம் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். உபதேசியார் தாளுடன் எழுந்தார்.

“நாளைக்கு விலக்கப்படுறது ஒரு ஆளு. சுவாமிதாஸ்.” தாளை மடித்துவிட்டார். “குத்தம் செய்யாத எனக்க வீட்டுக்காரிய இருவது வருசத்துக்கு முந்தி நான் விருந்துக்கு விடல்ல. ராகேலுக்க பாடத்துக்கு எனக்குப் பதில் தெரியல்ல. தெரியாததுக்காவ இன்னொருத்திய விலக்கமாட்டேன்.”

சபை மூப்பர் தங்கையன் எழுந்து, இப்படிப் பேசுகிறவர் உபதேசியாராக இருக்கலாமா என்று கேட்டார். சுவாமிதாஸ் ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்தார். அருகில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

எலிசாள் எழுந்தாள். ஆராதனை நேரத்தில் அந்தச் சபையில் எந்தப் பெண்ணும் நடுவழியைத் தாண்டியதில்லை. தாண்டிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எலிசா...” என்றார் அவர். அழுதார்.

“பேசாம இரிங்க, கூட்டம் முடியல்ல” என்று சொல்லி, அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.