வேர் எண்ணெய் போன வழி

காலை 6.10. எண்ணெய் வடிக்கும் கொதிகூடத்தின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே பித்தளைத் தொட்டி காலி. ராத்திரி தெளியவிட்டிருந்த சசாஃப்ராஸ் மரத்து எண்ணெய், அந்த வருஷத்து முதல் வேர்க் கொதிப்பு, ஒரு சொட்டு மிச்சமில்லை.

7.30. ஷெரிஃப் காடில் மலையேறி வந்தார். சாவி இரண்டு பேரிடம். ஒருவன் வேர் வெட்டும் எஸ்டில். இன்னொருவன் வெங்கர், மிச்சிகனில் புதினா எண்ணெய் வடித்துப் பழகியவன், ஆகஸ்டில் இங்கே வந்து இலைக் கொதிப்பை நடத்தினான். நேற்று பீப்பாய் வாங்கப் பட்டணம் போய் இருட்டிய பிறகுதான் திரும்பினான். எஸ்டிலோ முன்னே கோழி திருடி உள்ளே போனவன். ஏழைக்கு ஒருமுறை விழுந்த பேர் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விலங்கு அவன் கையில் விழுந்தது. இந்தத் தடவை ஐந்து வருஷம் என்றார் ஷெரிஃப்.

அடுப்புக்கு விறகு தள்ளும் ஓர்ஃபா எஸ்டிலுக்கு அக்கா. அழுதால் நேரம் போகும் என்று தொட்டியடியில் மண்டியிட்டாள். அடிக்குழாய் திறந்து கிடந்தது. அது போய் விழும் கால்வாயைப் பார்த்தாள். தேங்கிய நீருக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாக எண்ணெய் மணிகள். விரலால் தொட்டு மோந்தாள். வேர்தான்.

8.05. உள்ளே வந்து வெங்கரிடம் கேட்டாள்.

"உங்க ஊர்ல எண்ணெய எப்படிப் பிரிப்பீங்க?"

"அடிக்குழாயத் திறந்து தண்ணிய விட்டுருவோம். மேல நிக்கிறது எண்ணெய். இதுகூடத் தெரியாமயா இத்தன வருஷம் விறகு தள்ற?"

அவள் ஷெரிஃப் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இலையெண்ணெய் லேசு, எலுமிச்ச வாடை, மேல மிதக்கும். அதே மரத்து வேரெண்ணெய் கனம், தண்ணிக்கு அடியில போய் உக்காந்துக்கும். இங்க வேர் வெட்டுற எவனுக்கும் இது தெரியும். எஸ்டில் திருடியிருந்தா அடியில இருக்கிறதப் பிடிச்சிட்டுப் போயிருப்பான். எண்ணெயத் தண்ணின்னு கால்வாயில விட்டவன் வேர்க் கொதிப்பையே பாக்காத ஆளு."

ஷெரிஃப் தேடியபோது வெங்கரின் வண்டியில் சாக்குகளுக்கு அடியில் மூடிய தகரம் ஒன்று இருந்தது. ஷெரிஃப் மூடியைத் திருகி அவன் உள்ளங்கையிலேயே ஊற்றினார். விரலிடுக்கில் வழுவழுப்பே இல்லை, அப்படியே வழிந்தோடியது.

"மொத்தமும் தண்ணியா?" என்றான் வெங்கர். திருடவில்லை என்று சொல்லவே மறந்துவிட்டான்.

விலங்கு கை மாறியது. எஸ்டில் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு மண்வெட்டியைத் தேடினான். அக்கா அடிக்குழாயை மூடிவிட்டு அடுப்புக்கு விறகு தள்ளப் போனாள்.