நாலடி இரண்டு அங்குலம்

மாளிகை வாசலில் வரைவாளர் இறங்கியபோது நல்ல வெயில். தூண் வரிசை, வளைவுப் படிக்கட்டு, மூன்றாம் தலைமுறை கட்டிச் சேர்த்த கிழக்குப் பகுதி, எல்லாம் அவள் அளந்து வரைந்தவை. விருந்து மண்டபத்தின் பக்கம் மட்டும் அவள் கண் போகவில்லை.

போன மாதம் அந்த மண்டபத்தை அளந்தபோது கணக்கு உதைத்தது. சுவர்க் கனத்தைக் கழித்த பிறகும், வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் நாலடி இரண்டு அங்குலம் வித்தியாசம். மறுபடி அளக்கச் சோம்பல். பழங்காலச் சுவர் தடிமனாகத்தான் இருக்கும் என்று, மிச்சத்தைச் சுவரிலேயே போட்டு மூடிவிட்டாள்.

அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் கொத்தனார். முனையைச் சுவரில் வைத்ததும் இரண்டு முறை சுண்டுவார். அளவைப் படிக்கலாம் என்று அர்த்தம். "நான் பூஜ்யம் பக்கங்க. தப்பு வந்தா உங்களோடது" என்று சிரிப்பார்.

கெட்டிச் சுவர் என்ற அவள் படத்தை நம்பித்தான் அவர் உத்தரத்துக்குத் துளை போட்டார். சுவர் ஒற்றைச் செங்கல். பின்னால், விருந்தாளிகள் கண்ணில் படாமல் வேலையாட்கள் நடமாட விட்டிருந்த இருட்டுச் சந்து. அவர் உள்ளே சரிந்தார். அவர்மேல் சுவர் சரிந்தது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

"படத்துல கையெழுத்துப் போட்டுடுங்க" என்றாள் வீட்டு மருமகள். "கொத்தன் குடிச்சிட்டு வந்து வேற இடத்துல இடிச்சிட்டான்னு எழுதியாச்சு."

கதவோரம் நின்ற கொத்தனாரின் மனைவி நிமிர்ந்தாள். "அவரு டீயே அரை டம்ளர்தாம்மா குடிப்பாரு."

வரைவாளருக்குப் பேனா ஓடவில்லை. "ஒரு தடவை அளந்து பார்த்துடறேன்" என்று மண்டபத்துக்குள் போனாள். மற்ற இருவரும் மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

உடைப்பிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. டேப்பை உள்ளே செலுத்தினாள். வழுக்கிக்கொண்டு போனது.

நின்றது.

ஒரு சுண்டு.

இன்னொரு சுண்டு.

"யாரு?"

டேப்பை இழுத்தாள். வரவில்லை.

"நாலடி... ரெண்டு அங்குலம்" என்று படித்தாள். மறுமுனையில் பிடி இறுகியது. "தப்பு என்னோடது. அளவு உதைக்குதுன்னு தெரிஞ்சும் நான்தான் கெட்டிச் சுவர்னு போட்டேன். அவர்மேல ஒரு குத்தமும் இல்ல."

மருமகள் பல்லைக் கடித்தாள். "உளறாதீங்க. வெளிய வாங்க."

வரைவாளர் படத்தை முழங்காலில் வைத்து, சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு டேப்பைப் பற்றி மறுபடி இழுத்தாள்.

"இழுக்காதீங்கம்மா" என்று கிசுகிசுத்தாள் கொத்தனாரின் மனைவி. "அளக்கிற வேலை முடியாம விடமாட்டாரு."

டேப் உள்ளே நகரத் தொடங்கியது. ஐந்தடி. ஒன்பது. சந்துக்கு அப்பால் வெளிச்சுவர். அதையும் தாண்டினால் வெறும் புல்வெளி. அது ஜன்னல் வழியே முழுக்கத் தெரிந்தது. அங்கே ஒருவருமில்லை.

டேப் பதினெட்டடியைத் தாண்டியது.