காலஞ்சென்றவரின் மகள்

காளவாசல் பஸ் நிறுத்தத்தில் ஐப்பசி மழை சாய்த்து அடித்தது. கூட்டத்தில் யாருடைய குடைக்கம்பியோ பிலோமினாளின் முந்தானையில் மாட்டி இழுக்க, கையிலிருந்த மூக்குப்பொடி டப்பா தெறித்து, சேற்றுத் தண்ணீரில் விழுந்தது.

"குடை பிடிக்கிறீங்களா, சிலம்பம் சுத்துறீங்களா?"

குடைக்காரன் திரும்பினான். கதைகளில் வருகிற மாதிரி வாள் விழி, வேல் விழி ஒன்றும் இல்லை. இமையில் ஒரு மழைத்துளி... அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் விழிக்கிற, ரொம்ப நல்ல கண்கள். குனிந்து டப்பாவை எடுத்தான். படித்தான். திகைத்தான்.

"மூக்குப்பொடியா? இம்புட்டுச் சின்ன வயசுலயா?"

"எனக்கில்ல... எங்கப்பாவுக்கு!"

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். பதினான்கு மாதங்களாக அவளுக்கு அப்பா கிடையாது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, எந்த ஊர் பஸ் என்றுகூடப் பாராமல் ஏறிவிட்டாள்.

பிலோமினாள் வேலை பார்த்தது பசுமலைக்கு அப்பால் உள்ள நல்மரண மாதா முதியோர் இல்லத்தில். ஆதரவற்ற கத்தோலிக்க முதியவர்களுக்காகக் கமிட்டியார் கட்டியது. பெயர் வைக்கும்போது, உள்ளே இருக்கப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. வாசல் பலகையில் இல்லத்தின் பெயர் ஒரு சாண். கமிட்டித் தலைவர் பெயர் ஒரு முழம். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அதைக் கொடுத்த புண்ணியவானின் பெயர். பதினோராம் கட்டிலில் ஒரு பல் டாக்டரின் பெயருக்குக் கீழே படுத்திருந்தவர் சவரிமுத்து உபதேசியார். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது.

அவர்தான் அவளுடைய அப்பா.

நாற்பது வருஷம் ஊர் ஊராகப் போய், குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த மனிதர். பொய் சொல்லாதே என்ற வேதக் கட்டளையைப் பிரம்போடு சேர்த்துப் புகட்டியவர். வயதாகி வேலை போனது. அதோடு கோயில் கொடுத்த வீடும் போனது. இல்லத்திலோ பிள்ளை உள்ளவர்களுக்கு இடமில்லை. அதனால் அவர், "சந்ததி இல்லை" என்று கையெழுத்துப் போட்டார். அவள், "தகப்பன் காலமாகிவிட்டார்" என்று எழுதிக் கொடுத்து ஆயா வேலையில் சேர்ந்தாள். தினம் இரண்டு வேளை அவருக்குக் கஞ்சி ஊற்றினாள், யாரோ மாதிரி. தெரிந்தால் ஒரே நாளில் இருவரும் தெருவில்.

மறு வாரம் காரியதரிசி ஞானப்பிரகாசம், கணக்கெடுப்புக்காகக் கமிட்டி ஆபீஸின் புது டைப்பிஸ்டை அழைத்து வந்தார். பெயர் தனிஸ்லாஸ். கையில் பதிவேடு... அதே கண்கள்.

கஞ்சிச் செம்போடு நின்ற பிலோமினாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பதினொண்ணு. பிள்ளைங்க உண்டா பெரியவரே?"

உபதேசியார் கூரையைப் பார்த்தார். "இல்ல தம்பி." அதே மூச்சில் ஒரு தும்மல். தலையணை ஓரத்தில் சேறு காய்ந்த பொடி டப்பா.

தனிஸ்லாஸ் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்த மூக்கையும் இந்த மூக்கையும் பார்த்தான். செத்தோம், என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லை," என்று பதிவேட்டில் எழுதும் சத்தம் கேட்டது.

காப்பாற்றிவிட்டானா, பிடித்து வைத்திருக்கிறானா? அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அவனோ வாரா வாரம் வந்தான். கட்டிலை எண்ணணும், ஜன்னலை எண்ணணும் என்று ஏதாவது சாக்கு.

"போன வாரமே எண்ணுனீங்களே... குட்டி போட்டிருக்கா ஜன்னலு?" ஒரு நாள் பயத்தை மீறிக் கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு மட்டும் கணக்குல உதைக்குது. நான் வந்தா அது முகத்தைத் திருப்பிக்குது."

"காத்தடிச்சாத் திரும்பும்."

"புழுக்கமாத்தானே இருக்கு?"

சிரிப்பு வந்தது. கூடவே நடுக்கமும். இவன் மேல் ஆசை வருவது, காவல்காரன் மேல் திருடனுக்கு ஆசை வருவது மாதிரி அல்லவா?

மார்கழிக் கடைசியில், துணி துவைக்கும் கல்லருகே வந்து நின்றான். இந்தத் தடவை பதிவேடு இல்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க வேணாம்னு சொன்னாலும் சொல்ல மாட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல... என்னைக் கட்டிக்கிறீங்களா? உங்கப்பா நம்ம வீட்டுக்கு வந்திரட்டும்."

பிலோமினாள் கல்லில் கிடந்த போர்வையைப் பிழிந்தாள்... பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள். பிறகு ஒரே ஒரு தலையசைப்பு.

தடை வேறு இடத்திலிருந்து வந்தது. உபதேசியார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மருமகன் வீட்டுச் சோத்துல ஒக்காந்து திங்கவா? நானா? நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். நீ சந்தோசமாக் கட்டிக்க."

"அப்பா... கோயில்ல ஓலை வாசிப்பாங்களேப்பா!"

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைத் தகப்பன் பெயரோடு சாமியார் படிப்பார். அதுதான் ஓலை. தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும்.

"வாசிக்கட்டும். கல்லெறிஞ்சா ஒரு சவரிமுத்து மேல விழும் மதுரையில. எவன் கண்டான்?"

கெஞ்சினாள், அழுதாள். சுவரோடு பேசியது போலத்தான். கடைசியில், "அப்படியே ஓலைக்கு எழுதிக் குடுத்துருங்க," என்றாள் தனிஸ்லாஸிடம். காலஞ்சென்ற என்று எழுதும்போது அவன் பேனா இரண்டு தடவை நின்றது.

தை மாத முதல் ஞாயிறு. கோயிலில் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இல்லத்துக் கிழவர்கள், மங்கிய வெள்ளைச் சட்டையில் வரிசையாக. எல்லோரும் பார்க்கும்படி முன்னால் உட்கார வைப்பது காரியதரிசியின் ஏற்பாடு. தர்மம் பின்பெஞ்சில் இருந்தால் யார் கண்ணில் படும்?

பெண்கள் பக்கம் பிலோமினாள் முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சாமியார் காகிதத்தைப் பிரித்தார்.

"...காலஞ்சென்ற சவரிமுத்துவின் மகள் பிலோமினாள்..."

அவள் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்துவிட்டாள்.

செத்தவர் பெயர் காதில் விழுந்தால் சிலுவை போட்டு, அந்த ஆத்துமத்துக்கு இளைப்பாற்றி ஜெபம் சொல்வது நாற்பது வருஷப் பழக்கம். உபதேசியாரின் கை தானாக நெற்றிக்குப் போனது. உதடுகள் அசைந்தன. தன் ஆத்துமத்துக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில்தான் அவருக்குப் புரிந்தது. கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது. உதடு மட்டும் நடுங்கியது...

"இதில் தடை அறிந்தவர்கள்..."

பிலோமினாள் எழுந்துவிட்டாள். முந்நூறு தலைகள் திரும்பின.

"சாமி... ஓலை தப்பு. எங்கப்பா சாகல. அந்தா, மூணாவது பெஞ்சுல இருக்காரு."

காரியதரிசி ஞானப்பிரகாசம் பூசை நடக்கிறது என்பதையும் மறந்து எழுந்தார். "மோசடி! கமிட்டிக்குத் துரோகம்! பதினோராம் கட்டில் இன்னைக்கே காலியாகணும்!"

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "இரும்மா. நீ சொல்றது கல்யாணத்துக்குத் தடையா, என்ன?"

"தடையில்ல சாமி!" குரல் உடைந்து, கோயில் முழுக்கக் கேட்டது. "எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. மழையில பார்த்த அன்னைக்கே பிடிச்சிருச்சு... பயத்துல இதுவரைக்கும் அவருகிட்டக்கூடச் சொல்லல. ஆனா எங்கப்பாவைச் சாகடிச்சிட்டுக் கட்டிக்க முடியாது சாமி!"

பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆண்கள் பக்கம் தனிஸ்லாஸ், காது மடல்வரை சிவந்து எழுந்தான். கமிட்டி வேலை அந்த நிமிஷத்தோடு சரி என்று அவனுக்கும் தெரியும். நேரே மூன்றாவது பெஞ்சுக்கு நடந்தான். கிழவரின் கையைப் பிடித்தான்.

"மாமா... வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்."

உபதேசியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். நடைபாதைக்கு அப்பால், அழுதுகொண்டே நிற்கிற மகளைப் பார்த்தார். பிறகு, பக்கத்துக் கிழவரை இடித்து நகர்த்தி இடம் பண்ணினார்.

"பூசை முடியலையே மாப்ள," என்றார் கண்டிப்பாக. "உக்காருங்க. முடியவும் போவோம்."