நாற்பத்தெட்டும் போலி!

செல்போன் அலறியது.

மஹேஷ் கடைசித் துண்டு தோசையை வாயில் போட்டுக்கொண்டு எடுத்தான்.

"டேய், எவிடடா இருக்க?"

சப் இன்ஸ்பெக்டர் அஜிதா. கல்லூரியில் அவனோடு படித்தவள். அன்றைக்கும் இப்படித்தான் மலையாளம் கலந்து அதட்டுவாள். இன்றைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதட்டுகிறாள்.

"கடையில."

"வலியசாலைக்கு வா. ஒரு ஆள் தரையில கிடக்காரு."

"உயிர்...?"

"இருக்கு. பக்ஷே அது இப்போ உன் கையில இருக்கு. லென்ஸையும் அந்த ஊதா டார்ச்சையும் எடுத்துட்டு சட்டுனு வா!"

டொக்.

கிழக்கேகோட்டையில் மஹேஷுக்கு ஒரு சின்னக் கடை. பழைய தபால்தலை, நாணயம், விளையாட்டு அட்டை... எதைக் கொண்டுவந்தாலும் அசலா, போலியா, விலை தகுமா என்று சொல்வான். அதிகம் பேசமாட்டான். இரண்டு வருஷமாக இன்னும் கொஞ்சம் குறைவு.

பத்தாவது நிமிஷம்.

அக்ரகாரத்து வீட்டின் கூடத்தில் மல்லாந்து கிடந்தார் பஞ்சாபகேசன். ரிட்டயர்டு ஆசிரியர். மனைவி சுப்புலக்ஷ்மி விசிறிக்கொண்டிருந்தாள்.

"போலீஸ்னு கேட்டதும் விழுந்துட்டார், கேட்டேளா! முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டின மனுஷன்!"

"நான் காலிங் பெல் மட்டும்தான் அடிச்சேன் மாமி," என்றாள் அஜிதா.

பஞ்சாபகேசன் ஒரு கண்ணைத் திறந்தார். காக்கியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் வெள்ளை வேட்டியில் ஒரு கனத்த ஆள். மடியில் கறுப்புத் தோல் பை. குழந்தையை அணைப்பதுபோல் அணைத்திருந்தார்.

"அழகியநம்பி. சாலைக் கடைத்தெருவில பாத்திரக் கடை," என்று அறிமுகம் செய்தாள் அஜிதா. "சார், நீங்களே சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? எட்டு லெச்சத்துக்கு எனக்கு நாமம் போட்டுட்டாரு வே இந்த வாத்தியாரு!"

விஷயம் இதுதான். பஞ்சாபகேசனின் பெரியப்பா 1948-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். திரும்பும்போது பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தார். அங்கே சூயிங்கம்மோடு இலவசமாகக் கிடைத்தவை. மொத்தம் நாற்பத்தெட்டு. ஒன்றுகூடக் குறையாத முழு செட். எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தது.

அழகியநம்பி மோப்பம் பிடித்து வந்தார். போன வியாழக்கிழமை காலை எட்டு லட்சத்துக்கு வாங்கிப் போனார். இன்று திங்கள். போலி என்று கத்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

"உங்களுக்கு பேஸ்பால் தெரியுமா?" மஹேஷ் கேட்டான்.

"தெரியாம என்ன? கிரிக்கெட்டுதான். ஸ்டம்பு மட்டும் கெடையாது."

"வாங்கும்போது பாக்கலையா?"

"ரெண்டு மணி நேரம் லென்ஸ் வச்சுப் பாத்தேன் வே! என்னையே ஏமாத்துற மாதிரில்லா அடிச்சிருக்கான்!" அழகியநம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சோலி கெடக்கு. எனக்கு ரூவா திரும்பி வரணும். இல்லேன்னா கேஸு. சீட்டிங் கேஸு!"

"ரூபா எங்க இருக்கு?" சுப்புலக்ஷ்மியின் விசிறி நின்றது. "பொண்ணு விஷ்ணுப்ரியாவுக்கு மெடிக்கல் காலேஜ் ஃபீஸ் கட்டியாச்சே! இவர் ஜெயிலுக்குப் போனா அவ படிப்பு..."

தரையிலிருந்து ஒரு முனகல்.

அஜிதா மஹேஷை ஓரமாக இழுத்தாள்.

"இந்த மனுஷன் பொய் சொல்ற ஆளில்லைன்னு எனக்குத் தோணுது. பக்ஷே, தோணுறத வெச்சு எஃப்.ஐ.ஆர் எழுத முடியாது. நீ சொல்லு. போலின்னா இவரை நான் கூட்டிட்டுப் போகணும்."

மேஜைமேல் அழகியநம்பி திருப்பிக் கொண்டுவந்த பிஸ்கட் டப்பா. மஹேஷ் ஓர் அட்டையை எடுத்தான். ஜன்னலைச் சாத்தினான். டார்ச்சை அழுத்தினான்.

ஊதா வெளிச்சம்!

அட்டை பளீரென்று நீலமாக மின்னியது.

இரண்டாவது... நீலம். பத்தாவது... நீலம். நாற்பத்தெட்டாவது...

"அந்தக் காலத்துக் காகிதம் இந்த வெளிச்சத்துல மங்கிக் கிடக்கும். இப்போ வர்ற காகிதத்துல வெளுக்க மருந்து போடறான். அதான் மின்னறது."

"அப்போ?"

"போலி. நாற்பத்தெட்டும்."

"கேட்டீரா!" அழகியநம்பி துள்ளி எழுந்தார். "நான் சொல்லும்போது யாரும் நம்பல!"

"பகவானே!" சுப்புலக்ஷ்மி சுவரில் சாய்ந்தாள்.

பஞ்சாபகேசன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா... சட்டை மாத்திண்டு வரலாமோல்லியோ?"

அஜிதா தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினாள்.

மஹேஷ் அட்டைகளை அடுக்கினான். அடுக்கும்போது ஒன்று கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம். பழுப்பு நிறம். நாலு மூலையிலும் லேசாக, மிக லேசாக, ஒரு மஞ்சள் தீற்றல்.

இன்னொன்றைக் கவிழ்த்தான். நாலு மூலை. மஞ்சள்.

பழசானால் காகிதம் மஞ்சளாகும். சரி. ஆனால் அளந்து வைத்தாற்போல் நாலு மூலையில் மட்டுமா?

கையிலிருந்த டார்ச்சைத் திருப்பினான். அதன் அடிப்பாகத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. வாங்கிய அன்றைக்கு மனைவி சுப்ரியா வைத்தது. கரண்டு சாமானுக்கெல்லாம் மஞ்சளா என்று அன்றைக்கு அவளிடம் கத்தியிருக்கிறான். அவள் கண்ணை மூடி இரண்டு வருஷம். அவன் அதைத் துடைக்கவில்லை.

"மாமி."

"என்னடா அம்பி?"

"இந்த அட்டைக்கெல்லாம் மஞ்சள் தடவினேளா?"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"பின்னே? தடவாம குடுப்பாளா? ஜாதகமோ கல்யாணப் பத்திரிகையோ, மஞ்சள் வைக்காம இந்த ஆத்தை விட்டு ஒரு காகிதம் போனதில்லை. அன்னிக்கு இவர் குளிக்கப் போனப்போ டப்பாவை எடுத்து, மோதிர விரலால மூலைக்கு ஒண்ணா வெச்சேன். முகத்துல வேண்டாம், அந்த வெள்ளைக்காரன் கோச்சுப்பான்னு பின்பக்கமா!"

"நாற்பத்தெட்டுக்குமா?"

"ஒருத்தனுக்கு வெச்சு மத்தவனுக்கு வைக்கலேன்னா ஓரவஞ்சனை இல்லையோ?"

"அடியே!" பஞ்சாபகேசன் தலையில் அடித்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை...!"

"சொன்னா விடுவேளா?"

"மாமி, எப்போ வெச்சேள்? நாளும் நேரமும் வேணும்."

"வியாழக்கிழமை கார்த்தால. ராகுகாலம் மத்தியானம்தானே? இந்த மாமா வாசல்ல செருப்பைக் கழட்டறார், நான் டப்பாவை மூடறேன்."

மஹேஷ் லென்ஸை ஓர் அட்டையின் மூலையில் வைத்து அஜிதாவிடம் நீட்டினான்.

"பார். என்ன தெரியறது?"

"மஞ்சளா... புள்ளி புள்ளியா..."

"விரலால வெச்ச மஞ்சள் புள்ளி புள்ளியா இருக்காது. இது அச்சடிச்ச மஞ்சள். அசலை ஸ்கேன் பண்ணினப்போ மாமியோட மஞ்சளும் சேர்ந்து விழுந்துடுத்து. காலப் பழுப்புன்னு நினைச்சு அப்படியே பிரிண்ட் போட்டிருக்கா."

அஜிதா மெல்ல நிமிர்ந்தாள்.

"அதாவது இந்தப் போலி, மஞ்சள் வெச்சதுக்குப் பின்னாடி உண்டாக்கினது..."

"ஆமா. மஞ்சள் வெச்ச அடுத்த நிமிஷத்துலேர்ந்து அசல் யார்கிட்ட இருந்தது?"

சுப்புலக்ஷ்மியின் விசிறி அழகியநம்பி பக்கம் நீண்டது.

அழகியநம்பி வாசல் பக்கம் நகர்ந்தார். கறுப்புப் பை நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"நல்ல கத படிக்கிய வே! வாரேன், எனக்கு சோலி..."

"இரிக்கணும் சார்!" அஜிதாவின் கை வாசலை மறித்தது. "வந்ததுலேர்ந்து வாச்சைப் பாக்குறீங்க. அவ்வளவு அவசரம் என்ன? அந்தப் பையை இங்க தாங்க."

"அது கடைச் சரக்கும்மா..."

"பாத்திரமா? வெயிட்டே இல்லையே!"

ஜிப் சர்ரென்று திறந்தது. உள்ளே கெட்டி உறை. மேலே அமெரிக்க விலாசம். கூரியர் ஆபீஸ் நாலு மணிக்கு மூடும். மணி மூன்றே கால்!

உறைக்குள் நாற்பத்தெட்டு அட்டைகள்.

"அசலை அமெரிக்காக்காரனுக்கு வித்துட்டு, போலியைக் காட்டி இங்கேயும் பணத்தைத் திரும்ப வாங்கறதா!" அஜிதா விசிலடித்தாள். "உங்க கடையில ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயோ?"

அழகியநம்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு அவருக்குள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"செரி. தப்புதான். கேஸ நான் பாத்துக்கிடுதேன்." மஹேஷைப் பார்த்தார். "எட்டு லெச்சம் குடுத்தது குடுத்ததுதான். செட்டு எனக்குள்ளது. அந்த அமெரிக்காக்காரன் இருவது லெச்சம் சொல்லியிருக்கான். வக்கீலுக்குப் போக மிச்சம் நிக்கும்லா?"

"கேஸ் முடியற வரைக்கும் அட்டை ஸ்டேஷன்ல," என்றாள் அஜிதா.

"பொறவு கெடைக்கும்லா? தம்பி, நீரு சொல்லும். வெல தகுமா, தகாதா?"

மஹேஷ் ஓர் அசல் அட்டையைக் கவிழ்த்தான். டார்ச்சை அழுத்தினான்.

அட்டை இருட்டாக, மங்கலாகக் கிடந்தது. சந்தேகமே இல்லாத அசல்.

நாலு மூலையில் மட்டும் நாலு மின்மினி. பச்சையும் மஞ்சளுமாய் ஜொலித்தன!

"இந்த அட்டைக்கெல்லாம் உயிரே மூலையிலதான் சார். மூலை கொஞ்சம் மழுங்கினாலே பாதி விலை போயிடும். கறைன்னா யாரும் தொடமாட்டா. அமெரிக்காவுல முதல்ல இந்த டார்ச்தான் அடிப்பா."

"மஞ்சளத் தொடச்சிரலாம்லா?"

"மஞ்சள் போகாது சார். வேஷ்டில பட்டுப் பாத்ததில்லையா? தேய்ச்சா அட்டைதான் போகும்."

"அப்பம்... எவ்வளவுதான் பெறும்?"

மஹேஷ் மனதுக்குள் கணக்குப் போட்டான்.

"செட்டுக்கு... பதினஞ்சாயிரம். மஞ்சள் பிடிச்ச ஆள் கிடைச்சா இருபது."

"ஏ... யம்மா!"

தடால்!

அழகியநம்பி நாற்காலியோடு சரிந்தார். பஞ்சாபகேசன் சற்றுமுன் விழுந்துகிடந்த அதே இடத்தில், அதே மாதிரி மல்லாந்து கிடந்தார். மேஜை விளிம்பு பட்டு நெற்றியில் ஒரு கீறல். லேசாக ரத்தம்.

பஞ்சாபகேசன் முதல் ஆளாகக் குனிந்து விசிற ஆரம்பித்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார்.

மஹேஷ் டார்ச்சைப் பைக்குள் வைத்தான். வைக்கும் முன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தொட்டான். உதடு லேசாக அசைந்தது. அஜிதா பார்த்தாள்.

"ஐயோ பாவம், ரத்தம் வரதே!" சுப்புலக்ஷ்மி சமையலறையை நோக்கி ஓடினாள். "ஒரு நிமிஷம், மஞ்சள் பொடி கொண்டு வரேன்!"

"வேண்டாம் மாமி!" அஜிதா அலறினாள். "ஆளோட விலையும் குறைஞ்சு போகும்!"