கீழ்த்தட்டில் செவலை

குப்பி இடம் மாறியிருந்தது. காலையில் அதை பிரிட்ஜின் கீழ்த்தட்டில், இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தது சுப்புலட்சுமிக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அது சட்டியைச் சுற்றிக்கொண்டு கதவோரம் வந்து நின்றது.

தள்ளி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கை சில்லிடவில்லை. குப்பி வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கணவர் சங்கரசுப்பு வளர்த்த சிப்பிப்பாறை நாய் செவலை முந்தாநாள் செத்தது. புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் தாவீது அதன் காதுமடலில் நகக்கண் அளவு தோலை வெட்டி, இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து என்றாவது அதே நாயை மறுபடி உருவாக்க முடியுமாம். நாளைக் காலையில் ஆய்வகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வான். அதுவரை குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. நாய் போனதிலிருந்து சங்கரசுப்பு ஒரு வாய் சோறு தின்னவில்லை. இந்தத் தோலும் கெட்டுப்போனால் மனிதர் என்ன ஆவாரோ என்று அவளுக்குப் பயம்.

அந்தப் பயத்தில்தான், அவருக்குத் தெரியாமல், கோவில் புற்றுமண்ணை ஒரு சிட்டிகை எடுத்துக் குப்பிக்குள் போட்டாள். இந்த ஊரில் சொறியோ சிரங்கோ எதுவானாலும் அதைத்தான் பூசுவார்கள். ஆறிவிடும். வெட்டின தோலும் புண்தானே.

போன் அடித்தது. சங்கரசுப்புதான்.

"ஏட்டி, கரண்டு இருக்கா?"

"இருக்குங்க. எங்கன நிக்கிய?"

"கரிவலத்துல. குப்பிய ஐஸ் போட்டு வைக்க தெர்மாகோல் பெட்டி கிடைச்சிட்டு, கிளம்புதேன். பிரிட்ஜ சும்மா சும்மா தொறக்காத."

"தயிர் எடுக்க வேண்டாமா?"

"எனக்குச் சோறே எறங்கல, ஒனக்குத் தயிரு கேக்குதாக்கும்."

குப்பி நகர்ந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் வைத்துவிட்டார்.

அந்தி மங்கும் நேரம். தெருவெல்லாம் விசைத்தறிகள் ஓயாமல் தடதடத்துக்கொண்டிருந்தன. தறியின் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடை சன்னல் வழியே வந்து அடுக்களையில் தங்கியிருந்தது. அதற்கடியில், மழையில் நனைந்து வந்த நாயின் ரோம வாடை மெலிதாக, விட்டுவிட்டு, பிரிட்ஜ் இருந்த மூலையிலிருந்து வந்ததுபோல் அவளுக்குப் பட்டது. உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள்.

கரண்டு போனது.

தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. இத்தனை வருடமாகக் காது பழகிப்போன இரைச்சல் இல்லாமல் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. பிரிட்ஜும் ஒருமுறை நடுங்கி அடங்கியது.

அப்போது கேட்டது. மெல்லிய பிறாண்டல்.

எலி என்று நினைத்தாள். பிறகு அந்தத் தாளத்தைக் காது அடையாளம் கண்டது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். இரண்டு இழுப்பு. சங்கரசுப்புவின் பைக் ரயில்வே கேட்டில் திரும்பும்போதே செவலைக்குத் தெரிந்துவிடும். இவள் காதுக்கு எதுவும் எட்டுவதற்கு முன்பே எழுந்து வாசற்கதவைப் பிறாண்டும். இப்படித்தான்.

சத்தம் பிரிட்ஜுக்குள்ளிருந்து வந்தது.

கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். தகரத்தின் வழியே சூடு ஏறியது. பிறாண்டல் வேகமானது. முதுகெலும்புக்கு நேரே.

பைக் சத்தம். தெருமுனை. வாசல்.

"என்னட்டி இருட்டுல நிக்க? தள்ளு, பாப்போம்."

"தொறக்காதீங்க."

"கெட்டுப்போச்சா?" அவர் குரல் உடைந்தது.

"கெடல." அவளுக்கு அழுகை வந்தது. "கெடலங்க. அதான் சொல்லுதேன்."

அவளைத் தள்ளிவிட்டு, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி கதவைத் திறந்தார்.

குப்பி கதவோரம் நின்றது. கண்ணாடி கொள்ளாமல், மூடியைத் தள்ளிக்கொண்டு, செம்பட்டை மயிர் மூடிய முழுக் காது ஒன்று விறைத்து நின்றது. வெட்டுப்பட்ட இடத்தில் தழும்புகூட இல்லை. புண் ஆறியிருந்தது.

"ஏலே... செவலை..."

காது அவர் பக்கம் திரும்பியது.

அவர் தரையில் உட்கார்ந்தார். விரலால் தடவினார். தடவத் தடவ, செவலை மடக்குவதுபோலவே அது மடங்கிக் கொடுத்தது. முந்தாநாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"பசிக்குதுட்டி. சோறு போடு."

அவள் சுவரோரம் பின்வாங்கினாள்.

"அதுக்கும் ஒரு வட்டில் வை."

வெளிச்சம் குப்பியின் அடிக்குச் சரிந்தது. காதுக்குக் கீழே, புற்றுமண் சேற்றில், ஈரமான பிளவு ஒன்று விரிந்துகொண்டிருந்தது. உள்ளே வெள்ளையாக, சிறிதாக, ஒரு வரிசைப் பல்.