நானூற்றுப் பன்னிரண்டு பேர்

விடிந்ததும் தண்ணீர்த் தட்டுகளை நிரப்புவதுதான் ஆவுடையம்மாளின் முதல் வேலை. தேனீக்கள் மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கத் தட்டில் கூழாங்கல் போட்டிருந்தாள். பட்ட பனையை வெட்டாமல் விட்டதில் கிளிகள் குடியேறிவிட்டன. நுணாப் புதருக்கடியில் கௌதாரி ஆறு குஞ்சு பொரித்திருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தோட்டம் வெறும் பொட்டல்.

இசைவுச் சட்டம் வந்த பிறகு நிலம் காட்டுயிர்களுடையது. அவற்றுக்குத் தொந்தரவில்லாமல் ஒரு தோட்டத்தில் ஐந்து மனிதர்வரை இருக்கலாம். கூடினால் வீட்டைப் பிரித்துவிட்டு நகரத்து அடுக்ககத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளை எண்ணுவது வாசல் செவிக்கம்பத்தின் வேலை. கேமராவைக் கண்டு உயிர்கள் மிரளும் என்று அதற்குக் காது மட்டும் வைத்திருந்தார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் குரல் கொடுத்தால்தான் கதவு திறக்கும்.

வருஷக் கணக்கைக் கூட்டியதில் அந்தக் கம்பத்தின் விளக்கு நேற்றுச் சிவப்பாகிவிட்டது. ஆவுடைக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

காலையிலேயே வந்த ஆய்வாளர் நிலோபர் கம்பத்தைத் திறந்து பார்த்துக் கண்ணைக் கசக்கினாள். "அக்கா, உள்ள நானூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்லுது."

"இருக்கது நானும் அவுகளும்தான். மத்ததெல்லாம் என்ன, கௌதாரியா?"

அவள் கணவன் பேச்சிமுத்து சிரித்தான். மூன்று மாத வேலைக்காகக் கடல் காற்றாலைக்குக் கிளம்பப் பையோடு நின்றிருந்தான்.

நிலோபர் பதிவை ஓடவிட்டாள். 'வாரேன்.' 'வாரேன் ஆவுடை.' 'போயிட்டு வாரேன்.' எல்லாம் இவர்கள் இருவரின் குரல்தான். வெளியே கிளம்பியபோதெல்லாம் சொன்னது.

"அடப்பாவமே! வாரேன்னா யாரோ வாரான்னு எண்ணிருக்கு. இதுக்குத் தமிழ் கத்துக்குடுத்தவன் யார்ட்டயும் சொல்லிக்கிட்டுக் கிளம்பினதே இல்ல போல."

"அதை மாத்திரும்மா."

"மாத்த வருஷமாகும்க்கா. பழசை அழிச்சிட்டேன், விளக்கு பச்சையாயிட்டு. இனியும் கூடிச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல. வீடு போயிரும். கிளம்பும்போது 'போறேன்'னு சொல்லிருங்க."

"கிளம்புறேன்னு சொன்னா?"

"அதுக்குப் புரியலியே. இப்பத்தான் சொல்லிப் பாத்தேன்."

நிலோபரே கதவருகில் போய், யார் முகத்தையும் பார்க்காமல், "போறேன்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வெளியேறினாள்.

வண்டி வந்து ஒலியெழுப்பியது. பேச்சிமுத்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் போய் நின்றான். கடலுக்குப் போகிறவன் சொல்லும் சொல்லா அது? புதருக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன. ஆவுடை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போறேன்" என்றான்.

கதவு திறந்து மூடியது. விளக்கு பச்சையாகவே இருந்தது. வண்டி நகரும் சத்தம் கேட்டதும் ஆவுடைக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை.

"போறேன்! போறேன், திற சனியனே!"

திறந்தது. முள்ளும் கல்லும் பாராமல் ஓடினாள். பாதை திரும்பும் இடத்தில், கம்பத்தின் காது எட்டாத தொலைவில், அவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நின்றிருந்தான்.

"இங்க அதுக்குக் கேக்காதுல்லா?"

"கேக்காது."

"வாரேன் ஆவுடை."

அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.